தேடிய தேட்டம்

விவாகரத்து வழக்கில் வீட்டுக்கு மதிப்புப் போட ஆள் வருகிறார் என்றால், வீட்டைப் பங்கு பிரிக்கப்போகிறார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அப்படி இல்லை. மணவாழ்வில் வாங்கிய சொத்து இருவருக்கும் பொது என்று சொல்லும் பிரிவே 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் கிடையாது. 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி வந்து இருவருக்கும் கூட்டாகச் சேர்ந்த பொருள்களோடு நின்றுவிடுகிறது. 25ஆம் பிரிவின்படி ஜீவனாம்சம் தீர்மானிக்கும்போது எதிர்த்தரப்பின் வருமானத்தையும் சொத்தையும் நீதிமன்றம் பார்க்கும். வீட்டின் மதிப்பு அங்கேதான் வருகிறது, கணவனுக்கு எவ்வளவு வசதி என்பதற்குச் சான்றாக.

தோழி ஒருத்திக்காக அப்படியோர் அறிக்கையைப் படித்தேன். மனையின் சதுர அடி, தெருவின் அகலம், வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு, கட்டடத்தின் வயதுக்கேற்ற தேய்மானம், ஆழ்துளைக் கிணறு, மாடிப்படிக் கைப்பிடி வரை கணக்கு இருந்தது. 'உரிமையாளர்' என்ற இடத்தில் ஒரே பெயர். அந்த மனை வாங்க அடகுக்குப் போன வளையல்களுக்கு அதில் கட்டம் இல்லை. மதிப்பீட்டாளரைக் குறை சொல்லவில்லை. பத்திரத்தில் இருப்பதைத்தானே அவர் எழுத முடியும்!

பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் பாதி உனக்கு என்று சொன்ன சட்டமும் தமிழரிடையே இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுக்க வைத்தார்கள். வழிவழியாக வருவது முதுசம், பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், மணவாழ்வில் சேர்ப்பது தேடிய தேட்டம். 1911ஆம் ஆண்டில் வந்த கட்டளைச் சட்டம் இதை இன்னும் தெளிவாகச் சொன்னது: ஒருவர் தேடித் தம் பெயரிலேயே வைத்திருந்தாலும் தேட்டத்தில் இருவருக்கும் சம உரிமை.

அது பெண்களின் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மனைவி தன் சொந்த நிலத்தை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது அதே சட்டம்தான். 1947ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தச் சம உரிமையையும் எடுத்துவிட்டது. தேட்டம் தேடியவருக்கே என்றாயிற்று; உயில் எழுதாமல் அவர் இறந்தால்தான் துணைக்குப் பாதி. ஆக, விதவைக்குக் கிடைப்பது விவாகரத்தானவளுக்கு இல்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் வேறு வழியாக அந்தப் பாதிக்கு வந்து சேர்ந்தது. கணவர் சவுதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தை நடத்தினார். வாங்கிய சொத்து யாருடையது என்பதுதான் வழக்கு. வீட்டில் மனைவி பார்த்த வேலைதான் கணவரைச் சம்பாதிக்க விட்டது, ஆகவே சொத்து வாங்கியதில் அந்த வேலைக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. இப்படி அங்கீகரிக்கச் சட்டம் இல்லைதான். ஆனால் நீதிபதிகள் அங்கீகரிப்பதைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்றார்.

அது விவாகரத்து வழக்கு அல்ல, சொத்துரிமை வழக்கு. ஜீவனாம்ச மனுவோடு நிறுத்தாமல் வீட்டிலும் பங்கு கேட்கலாமா என்று வழக்கறிஞரிடம் பேசும்போது இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். அடகுச் சீட்டு, வீட்டுக்கடன் தவணை கட்டிய ரசீது, கொத்தனாருக்குக் கூலி எழுதிய நோட்டு எதுவாக இருந்தாலும், மதிப்பீட்டாளர் வரும் முன்பே எடுத்து வையுங்கள்.