பார்ப்பவர் இல்லாத நாடகம்

நாடகம் என்றால் நடிகர் வேண்டும், மேடை வேண்டும், பார்ப்பவரும் வேண்டும் என்பது உலக வழக்கு. பார்ப்பவரை விலக்கிவிட்டு, நாடகத்தைப் பாடம் கற்கும் வழியாக ஆக்கிய ஆசிரியை ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அவர் பெயர் ஹாரியட் ஃபின்லே ஜான்சன். சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த சாம்டிங் என்னும் சிற்றூரின் பள்ளிக்கு 1897ஆம் ஆண்டில் அவர் தலைமையாசிரியையானார். அங்குப் பயின்றவர்கள் கிராமத்து எளிய குடும்பங்களின் பிள்ளைகள்.

அவர் செய்த காரியத்தின் துணிவு விளங்க வேண்டுமானால், அதற்கு முந்திய நிலையை அறிய வேண்டும். 1862இல் ராபர்ட் லோ என்பவர் கொண்டுவந்த விதிப்படி, ஆண்டுக்கொரு முறை இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால், பள்ளிக்குரிய மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். மானியம் குறைந்தால் ஆசிரியரின் ஊதியத்துக்கே ஆபத்து. ஆகவே பிள்ளைகள் புத்தகத்தை நெட்டுருப் போட்டார்கள். ஆசிரியர்கள் பிரம்பைக் கையில் எடுத்தார்கள். இன்ஸ்பெக்டராகவே பணி செய்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இதனைக் கண்டித்தும் பயனில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலவிய இம்முறை 1890களில்தான் ஒழிந்தது. விதி ஒழிந்ததே தவிர, பழக்கம் எளிதில் ஒழியவில்லை.

இந்தச் சூழ்நிலையிலே ஃபின்லே ஜான்சன் முதலில் சரித்திர பாடத்தை நாடகமாக மாற்றினார். நாடகத்தை எழுதித் தந்து ஒப்பிக்கச் சொன்னாரில்லை. பெரியவர் கண்ணுக்கு எவ்வளவு கரடுமுரடாகத் தோன்றினாலும் நாடகம் பிள்ளைகளுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அரசனாக நிற்கப்போகும் சிறுவன், அவ்வரசன் யாரோடு போரிட்டான், எதற்காகப் போரிட்டான் என்பதை அறியாமல் வாய் திறக்க இயலாது. எனவே அவனே புத்தகத்தைத் தேடிச் சென்றான். முன்பு அடித்தும் வாசிக்காத பிள்ளை இப்போது தேவை கருதி வாசித்தான்! இலக்கியம், பூகோளம், இயற்கைப் பாடம், கணக்கு ஆகியவற்றுக்கும் இம்முறை பரவியது. நாட்டுப்புறத்துச் சிறுவர்கள் ஷேக்ஸ்பியரையும் நடித்தார்கள்.

வேடிக்கை பார்ப்போர் கூட்டம் என்ற ஒன்றை அவர் விரும்பவில்லை. கைதட்டலுக்காக நடிக்கத் தொடங்கினால், நன்றாக நடிக்கும் நாலு பேர் மட்டுமே முன்னுக்கு வருவர். மற்றவர் மூலையில் உட்கார்ந்திருப்பர். ஆண்டு விழா நாடகத்தில் நடப்பது பெரும்பாலும் அதுதானே! அவர் வகுப்பிலோ ஒவ்வொருவருக்கும் ஏதாவதொரு வேலை இருந்தது.

இப்பள்ளியைக் கண்டு வியந்தவர் எட்மண்ட் ஹோம்ஸ். 1875 முதல் இன்ஸ்பெக்டராக இருந்து பின்பு தலைமை இன்ஸ்பெக்டராக உயர்ந்தவர். மானிய முறையின்படி பிள்ளைகளைச் சோதித்தவர்களில் அவரும் ஒருவர். ஓய்வு பெற்றபின், 1911இல் வெளியிட்ட நூலில் அம்முறை செய்த கேட்டை அவரே வன்மையாகச் சாடினார். அதற்கு மாறாக ஒரு பள்ளியை எடுத்துக்காட்டி, ஊருக்கு 'உடோபியா' என்றும் ஆசிரியைக்கு 'எஜீரியா' என்றும் புனைபெயர் தந்தார். எஜீரியா என்பவள் ரோமாபுரிக் கதையில் நியூமா மன்னனுக்கு அறிவு புகட்டிய தேவதை. அந்த எஜீரியா சாம்டிங் ஆசிரியையே. அவர் தம் முறையை விளக்கி எழுதிய நூலும் அதே 1911இல் வெளிவந்தது. ஆனால் அதற்குள், 1910இலேயே, திருமணத்தை ஒட்டி அவர் பள்ளியை விட்டு விலகிவிட்டார். நூல் உலகுக்குக் கிடைத்தபோது வகுப்பறையில் அவர் இல்லை.

நாடகவழிக் கல்வி என்றதும் கேம்பிரிட்ஜ் பெர்ஸ் பள்ளியின் கால்டுவெல் குக்கை முதல்வராகச் சொல்வோர் உண்டு. அவர் நூல் 1917இல் வந்தது. குக்கின் தொண்டு பெரிதே. எனினும் வசதியுள்ள நகரத்துப் பள்ளிக்கு முன்பே ஏழை கிராமத்துப் பள்ளியொன்று இதனைச் செய்து காட்டியதை மறைத்தல் நியாயமன்று.

பிற்காலத்தில் இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர் டாரதி ஹீத்கோட் (1926–2011). 14ஆம் வயதில் யார்க்‌ஷயரில் நெசவாலைக்கு வேலைக்குப் போனவர். ஆசிரியர் ஒதுங்கி நின்று பார்ப்பதோடு அவர் நிறைவு கொள்ளவில்லை. தாமே ஒரு வேடம் ஏற்று மாணவர் நடுவே புகுந்துவிடுவார். உதவி கேட்டு வந்தவராக ஆசிரியர் நிற்க, மாணவர்களே விஷயம் அறிந்தவர்களாகி யோசனை சொல்ல வேண்டியிருக்கும். ஆலை முதலாளி அவருடைய நாடகப் படிப்புக்குப் பணம் கொடுத்து, படிப்பு ஒத்து வராவிட்டால் அவருடைய மூன்று தறிகளும் காத்திருக்கும் என்று சொல்லி அனுப்பினாராம். 1951இல் பல்கலைக்கழகப் பணியில் அமர்ந்த ஹீத்கோட் அத்தறிகளுக்குத் திரும்பவில்லை.