காலி இடத்துக்கும் ஒரு காலம் வந்தது

மலருக்கு ஏதாவது வரலாறு எழுதுங்கள் என்று குழுவினர் கேட்டார்கள். அண்ணாமலையார் கோயில் வரலாற்றை எழுத நம்மில் தகுதியான நண்பர்கள் பலர் உண்டு. வணிகவியல் படித்த நான், வண்டி நிறுத்தும் இடம் வியாபாரமான கதையை எழுதுகிறேன். வேங்கிக்காலில் குடியிருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் கிடைக்குமா?

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1935 ஜூலை 16 அன்று ஒக்லஹோமா நகரில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் நிறுவப்பட்டது. யோசனை கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரருடையது. கடைத்தெருவில் வேலை பார்க்கிறவர்களே காலையில் காரை விட்டுவிட்டுச் சாயங்காலம்தான் எடுப்பார்கள். சாமான் வாங்க வருகிறவருக்கு இடம் கிடைக்காது. மணிக்கு 5 சென்ட் என்றதும் வண்டிகள் நகர ஆரம்பித்தன. இடத்துக்கும் நேரத்துக்கும் விலை உண்டு என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

அடுத்த பெரிய மாற்றத்துக்கு வெகுகாலம் ஆயிற்று. ஆன்டனி எஸ்கினாசி என்ற ஆங்கிலேய இளைஞர் சான் பிரான்சிஸ்கோவில் பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போனார். மைதானத்தருகே நிறுத்த இடமில்லை. ஆனால் பக்கத்து வீட்டு வாசல் காலியாகக் கிடந்தது. 'இந்த வீட்டுக்காரருக்குக் காசு கொடுத்தால் விடமாட்டாரா?' இவ்வளவுதான் யோசனை! லண்டன் திரும்பி 2006இல் 'பார்க் அட் மை ஹவுஸ்' என்ற இணையதளம் தொடங்கினார். வீட்டுக்காரர் தன் காலி இடத்தைப் பதிவு செய்வார், கார்க்காரர் முன்பணம் கட்டிப் பிடித்துவைப்பார், கம்பெனிக்குக் கமிஷன். வீடுகள் மட்டுமா, தேவாலயங்களும் மதுக்கடைகளும்கூடச் சேர்ந்தன. கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2011இல் பி.எம்.டபிள்யூ. கார் கம்பெனியின் முதலீடு வந்தது. பிறகு 'ஜஸ்ட்பார்க்' என்று பெயர் மாறியது. 2015இல் பொதுமக்களிடமே பங்கு கேட்டபோது, ஏறக்குறைய 2,900 பேர் சேர்ந்து 37 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். 2024இல் அமெரிக்காவின் பார்க்ஹப் நிறுவனத்தோடு இணைந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் அதே சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. 2014இல் 'மங்கி பார்க்கிங்' என்ற செயலி வந்தது. தெருவில் நிறுத்தியிருப்பவர், தான் கிளம்பும் இடத்தைச் செல்போனில் ஏலம் விடலாம். தெரு யாருடையது? ஊருடையது! ஊர்ச் சொத்தை நீ எப்படி விற்கலாம் என்று நகர வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார்; கடை மூடப்பட்டது. சொந்த இடத்தை வாடகைக்கு விடுவது வியாபாரம். பொது இடத்தை விற்பது அபகரிப்பு. இந்த வித்தியாசம்தான் இந்த வரலாற்றின் சாரம் என்பேன்.

நம் நாட்டிலும் 2019இல் 'பார்க் ப்ளஸ்' போன்ற கம்பெனிகள் வந்துவிட்டன. இனி நம்ம ஊருக்கு வருவோம். தீபத்தன்று கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். வேலூர் சாலையில் வருகிற வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அன்று எங்கள் பக்கத்துக் காலி மனை ஒவ்வொன்றும் கார் நிறுத்துமிடம்தான். வாய்க்கு வந்த ரேட்! வயதான பெற்றோருடன் வருகிறவர் இடம் தேடி அலைவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். நாலு தெரு தள்ளி இடம் காலியாக இருக்கும். அது அவருக்குத் தெரியாது. எஸ்கினாசி கண்டதும் இதே குறைதான்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இதை எங்கிருந்தோ ஒரு கம்பெனி வந்து செய்தால் கமிஷன் வெளியூர் போகும். நீங்கள் செய்தால் மனைக்காரருக்கும் வருமானம், பக்தருக்கும் நியாய விலை. ஆனால் ஒன்று: சாலையோரமும் ஏரிக்கரையும் உங்கள் பட்டியலில் வரவே கூடாது. அவை ஊருக்குச் சொந்தம். கணினி படித்தவர்கள் முன்வந்தால், கணக்கு வழக்கு பார்க்க நான் தயார்.