புரோபயாட்டிக் பாக்டீரியா குடல்வரை உயிரோடு போகுமா? நுண் உறை என்ன செய்கிறது?

கோடையில் 40 டிகிரியைத் தொடும் சத்தியவேடு மாதிரி ஊரில் இருக்கீங்க. மெடிக்கலில் புரோபயாட்டிக் வாங்குறீங்க. அட்டையில் பல நூறு கோடி பாக்டீரியா என்று போட்டிருக்கிறது. அதில் எத்தனை உங்கள் குடலுக்கு உயிரோடு போகும்? அந்த எண்ணிக்கையைக் காப்பாற்றும் வழிகளில் ஒன்றுதான் 'மைக்ரோ என்கேப்சுலேஷன்', அதாவது நுண் உறையிடல்.

உறை எதற்கு?

போதிய எண்ணிக்கையில், உயிரோடு இருந்தால்தான் அது புரோபயாட்டிக். ஆனால் தயாரிக்கும்போது சூடு, கடையில் ஈரமும் ஆக்சிஜனும், வயிற்றில் அமிலம், சிறுகுடலில் பித்த உப்பு என்று வழியெல்லாம் ஆபத்து. ஒரு கணக்கு: 1,000 கோடியில் 99% செத்தால் மிச்சம் 10 கோடி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிமுறை, ஒரு நாளைக்கான அளவில் பொதுவாக எதிர்பார்க்கும் குறைந்தபட்சமே 10 கோடிதான். வயிற்றுக்குள் போகும் முன்பே இவ்வளவு இழந்தால் என்ன மிஞ்சும்?

எப்படிச் செய்கிறார்கள்?

கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கரைசலில் பாக்டீரியாவைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். எண்ணெயில் விழும் பூந்தி மாதிரி, விழுந்ததும் உருண்டையாகக் கெட்டிப்படும். இந்த உறை வயிற்று அமிலத்தில் சுருங்கும். குடலில் அமிலம் குறைந்ததும் இளகி பாக்டீரியாவை வெளியே விடும்.

பொடியாக வேண்டுமென்றால் சூடான காற்றில் தெளித்து உலர்த்தலாம். செலவு குறைவு, ஆனால் சூட்டில் கொஞ்சம் பாக்டீரியா சாகும். உறையவைத்து உலர்த்தினால் சேதம் குறையும், செலவு கூடும்.

மைசூரு ஆய்வு சொல்வது என்ன?

மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் சி.ஆனந்தராமகிருஷ்ணன் குழு, லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் பாக்டீரியாவுக்கு மோர்ப்புரதமும் ஆல்ஜினேட்டும் சேர்த்து உறை போட்டது. 2012-ல் வெளியான அந்த ஆய்வில், வயிறு, குடல் போன்ற சூழலை ஆய்வகத்தில் உருவாக்கிச் சோதித்தார்கள். உறை போட்டவை, போடாதவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. ஆனால் இது மனித உடலில் நடந்த சோதனை அல்ல.

எல்லாவற்றுக்கும் உறை வேண்டுமா?

வேண்டாம். பேசில்லஸ் கிளாசி போன்றவை வித்தாக மாறி, இயற்கையாகவே கவசம் போட்டுக்கொள்ளும்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

பாக்டீரியா எண்ணிக்கை தயாரித்த அன்றைய கணக்கா, காலாவதி தேதி வரைக்குமான கணக்கா? எந்த வெப்பநிலையில் வைக்கச் சொல்கிறார்கள்? ஃப்ரிட்ஜில் வை என்று போட்டிருந்தால், கடைக்காரரும் ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தாரா என்று கேளுங்க. சூடான பாலில் கலக்காதீங்க. உறை சேதத்தைக் குறைக்கும், முழுசாகத் தடுக்காது.