கருப்பாயி பாட்டியின் பாடல் தொகுப்பு எங்கே?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஒலிநாடாக் கடைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ‘சிறந்த பாடல்கள்’ என்ற தலைப்பில் ஒரு தொகுப்பாவது இல்லாத கடை கிடையாது. டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா, எஸ்.ஜானகி, எஸ்.பி.பாலசுப்பிரமணியம் என்று வரிசை நீளும். அந்த வரிசையில் கொல்லங்குடி கருப்பாயியைத் தேடியவர்கள் எத்தனை பேர்?

யார் இந்தக் கருப்பாயி? தமிழகத்தின் சிவகங்கை மாவட்டத்தில், வெட்டுடையார் காளி கோயிலால் பெயர் பெற்ற கொல்லங்குடியைச் சேர்ந்தவர். சங்கீதப் பள்ளியில் பயின்றவர் அல்லர். வயலிலும் வீட்டு வாசலிலும் காதால் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்ட பாட்டுதான் அவருடைய சொத்து. அகில இந்திய வானொலி அவருடைய குரலைப் பல ஊர்களுக்குக் கொண்டு சென்றது. 1985இல் பாண்டியராஜன் இயக்கிய ‘ஆண் பாவம்’ படத்தில் பாட்டியாக நடித்தார். இளையராஜாவின் இசையில் தம் சொந்தக் குரலிலேயே பாடினார். 1993இல் தமிழக அரசின் கலைமாமணி விருது கிடைத்தது. ஆனால் முதுமையில் அவர் வறுமையில் வாடிய செய்தியும் பத்திரிகைகளில் வந்தது. 2025 ஜூன் மாதம், 99 வயதில் காலமானார்.

இன்று பரவலாகக் கேட்கக் கிடைப்பவை, பெரும்பாலும் திரையில் பதிவான சில பாடல்கள்தாம். விருது ஆளுக்குத் தரப்பட்டது. அவர் மனத்தில் இருந்த பாட்டு மூட்டையை முழுவதும் அவிழ்த்துப் பார்த்தவர் யார்?

“நாட்டுப்புறப் பாட்டு என்றால் அப்படித்தான், காற்றோடு வந்தது காற்றோடு போகும்” என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அது உண்மையா? அமெரிக்காவைப் பாருங்கள். 1927இல், டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் என்ற சிறு நகருக்கு விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் சார்பில் ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு போனார். இரண்டு வாரங்களில் 19 குழுவினரிடமிருந்து 76 பாடல்களைப் பதிவு செய்தார். பாட வந்தவர்களில் ஒருவர் ரயில்வே தொழிலாளியாக இருந்த ஜிம்மி ரோட்ஜர்ஸ். இன்னொரு குழு, மலைக் கிராமத்திலிருந்து வந்த கார்ட்டர் குடும்பம். ரோட்ஜர்ஸ் காசநோயால் 1933இல், 35 வயதிலேயே இறந்துபோனார். ஆனாலும் அவருடைய சிறந்த பாடல்களின் தொகுப்பு இன்றைக்கும் விற்பனையாகிறது. காரணம் அதிர்ஷ்டம் அல்ல. ஒருவர் கருவியைத் தூக்கிக்கொண்டு பாடகர்களைத் தேடிப் போனார், அவ்வளவுதான்.

அதே காலகட்டத்தில் மலாயாவில் என்ன நடந்தது? 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. சுங்கை பூலோவில் அதற்குச் சோதனைத் தோட்டம் உருவானது. எந்த மரம் எவ்வளவு பால் தருகிறது என்று அளந்தார்கள். நல்ல இனங்களுக்கு எண் கொடுத்தார்கள். அந்தக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற இனம் தாய்லாந்து, இந்தியா வரை போய்ச் சேர்ந்தது. மரத்துக்கு எண் உண்டு, பாலுக்குக் கணக்கு உண்டு. ஆனால் விடியலுக்கு முன்பே பெரட்டுக் களத்தில் நின்று, பால்வாளி தூக்கிய பெண்கள் பாடிய பாட்டுக்குக் கணக்கு வைத்தவர்கள் மிகச் சிலரே.

கப்பலேறி வந்த துயரம், கங்காணியைக் கிண்டல் செய்யும் கும்மி, லயத்து வீட்டுத் தாலாட்டு, இழவு வீட்டு ஒப்பாரி என்று மலாயாத் தோட்டங்களில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பின்னாளில் அவற்றில் சிலவற்றை எழுத்தில் தொகுத்த ஆர்வலர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஏட்டில் ஏறுவது சொல் மட்டுமே. மெட்டும் மூச்சும் விம்மலும் ஏடு ஏறுவதில்லை.

பாடியவர்கள் சிதறியதும் ஒரு வரலாறு. 1950களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதை எதிர்கொள்ளவே துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிறகு செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் ரப்பர் காட்டை விழுங்கின. சுங்கை பூலோவில் ஆராய்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமாக இருந்த ஏறத்தாழ 2,300 ஏக்கர் நிலம் இன்று குவாசா டாமன்சாரா என்ற நகரமாக மாறி வருகிறது. 2016 டிசம்பர் முதல் அங்கே எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. லயத்தில் கூடிப் பாடியவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். கூடிப் பாட முற்றம் இல்லாத இடத்தில் பாட்டு தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

கருப்பாயிக்காவது ஒரு வானொலியும் ஒரு திரைப்படமும் கிடைத்தன. தோட்டத்துப் பாட்டிகள் பலருக்கு அதுவும் இல்லை. ஆனால் 1927இல் இல்லாத ஒன்று இப்போது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவிதான்! தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பாட்டி வீட்டுக்குப் போகிற பேரப்பிள்ளைகள் அதைப் பாட்டியின் பக்கத்தில் வைக்கட்டும். பாடுபவர் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த நேரத்தில் பாடிய பாட்டு என்ற மூன்றையும் முதலில் கேட்டுப் பதிவு செய்யட்டும். நடுவில் மறந்து நின்றால் அவசரப்படுத்த வேண்டாம். அடுத்த அடி தானாக வரும்.

மரத்துக்கு எண் கொடுத்த மண்ணில், பாட்டுக்கு ஒரு பெயராவது கொடுக்கக் கூடாதா? பாட்டி இருக்கும்போதே கேட்டால் அது தொகுப்பு. போன பிறகு கேட்டால் வெறும் ஏக்கம்.