பூப் பள்ளத்தாக்கும் புத்தாண்டு மரணங்களும்: கொழும்புக் குப்பையின் பாதை

புளூமெண்டல் என்றால் டச்சு மொழியில 'பூக்களின் பள்ளத்தாக்கு' என்று அர்த்தம். எங்கட தலைமுறைக்கோ அந்தப் பெயரைக் கேட்டதும் ஞாபகம் வாறது குப்பை மலைதான். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில, பல வருசமாக கொழும்பு மாநகரின் குப்பை போய்ச் சேர்ந்த இடம் அது. இடைக்கிடை தீப்பிடிக்கும், புகை சுற்றியிருந்த வீடுகளுக்குள்ள போகும்.

மாளிகாவத்தைக்கு வடக்கே புளூமெண்டல், கிழக்கே மீதொட்டமுல்ல. ரெண்டுமே கிட்டத்தான். இதுக்கு நடுவில வாழுற நாங்க, கொழும்பின் வரலாற்றைக் குப்பை போன பாதையை வைத்தும் வாசிக்கலாம் என்று நினைக்கிறோம்.

2009ல் உயர் நீதிமன்றத் தீர்ப்போட புளூமெண்டலில் கொட்டுறது நின்றது. குப்பை நிற்கவில்லை. மீதொட்டமுல்லயில ஒரு சிறிய காணி, தற்காலிகமாக என்று சொல்லித்தான் ஒதுக்கப்பட்டது. அந்தத் 'தற்காலிகம்' எட்டு வருசம் நீண்டது. காணி பல மடங்கு விரிந்தது, மலையும் உயர்ந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 800 தொன் வரை அங்க போனது.

இதில கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கு. மீதொட்டமுல்ல கொழும்பு மாநகர எல்லைக்குள்ள இல்லை, கொலன்னாவைக்குள்ள வருது. கொழும்பு மேயரைத் தெரிவுசெய்ய அங்குள்ள ஆட்களுக்கு வாக்கே இல்லை. நாற்றம், டெங்கு, வெள்ளம் என்று அவர்கள் வருசக்கணக்காக வீதியில இறங்கிப் போராடினார்கள். யாரும் காதில வாங்கவில்லை.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். மலை சரிந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பல வீடுகள் புதைந்தன. இதை இயற்கை அனர்த்தம் என்று சொல்ல முடியாது. கொழும்புக் குப்பையில பாதிக்கு மேல் சாப்பாட்டு மிச்சமும் மரக்கறிக் கழிவும்தான். ஈரமான அந்தக் குவியல் மழைத் தண்ணியையும் குடித்து இன்னும் பாரமாகும். அழுகும்போது மீத்தேன் வாயுவும் வரும். அடியில இருந்தது சதுப்பு நில மண். மென்மையான அந்த மண் இவ்வளவு பாரத்தைத் தாங்காது.

அதே வருசம் செப்டம்பர் 1 முதல் மெல்லிய பொலித்தீனும் லன்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. சட்டம் வந்தது, பழக்கம் போகவில்லை. சோத்துப் பார்சலை எதில சுற்றித் தாறாங்க என்று இன்றைக்கும் நாங்க கேட்கிறதில்லை.

குப்பை திரும்பவும் பயணப்பட்டது. முத்துராஜவெல சதுப்பு நிலத்துப் பக்கம் கெரவலப்பிட்டிக்குப் போனது. பிறகு புத்தளம் அறுவக்காட்டில, சுண்ணாம்புக்கல் தோண்டின குழிகளுக்கு ரயிலில அனுப்பும் திட்டம் வந்தது. புத்தளம் மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். கொழும்பில இருந்து பார்த்தா அது தூரத்து ஊர். அங்க இருக்கிறவர்களுக்கு அதுதான் சொந்த ஊர்.

இதே கதை உலக அளவிலும் நடந்தது. பிரித்தானியாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த 260க்கும் மேற்பட்ட கொள்கலன்களில பழைய மெத்தைகளோட கழிவுகள் இருந்தது 2019ல் வெளியே தெரிந்தது. நாடே கொதித்தது. சூழல் அமைப்பு வழக்குப் போட்டது, 2022க்குள்ள அவை திருப்பி அனுப்பப்பட்டன. நியாயமான கோபம்தான். ஆனால் பணக்கார நாடு எங்களுக்குச் செய்ததைத்தான் கொழும்பு கொலன்னாவைக்கும் புத்தளத்துக்கும் செய்தது. அவர்களிடம் திருப்பி அனுப்பக் கப்பல் இருக்கவில்லை.

தொடர்மாடியில இருக்கிற எங்களிட்ட தோட்டம் இல்லை, கூட்டுப்பசளை போட இடமும் குறைவு. எண்டாலும் ஈரக் குப்பையைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கலாம். வீட்டை விடப் பெரிய அளவில கொட்டுற சந்தைகளும் ஹோட்டல்களும் என்ன செய்யுது என்று மாநகர சபையிடம் கேட்கலாம். அடுத்த தடவை 'குப்பைக்குப் புது இடம் கிடைத்தது' என்று செய்தி வந்தா, அங்க யார் வாழுறாங்க, அவர்களிடம் கேட்டாங்களா என்பதை முதலில் தேடிப் பார்ப்போம்.