பாட்டனாரின் கணக்கேடு

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் நகரின்மீது குண்டு வீசின. அங்கே கடை நடத்திவந்த என் பாட்டனார் மர்ஹூம் அவர்கள், சரக்கனைத்தையும் இழந்து, அரக்கான் மலைவழியே கால்நடையாகத் தாயகம் திரும்பினார்கள். இடுப்பில் இருந்தது ஒரு கணக்கேடு. ஊருக்கு அனுப்பித் தருமாறு கூலித் தொழிலாளர் ஒப்படைத்த அமானிதத் தொகைகள் அதில் பதியப்பட்டிருந்தன.

பணம் கடையோடு எரிந்துபோயிற்று. ஆயினும் ஊரில் விறகுக்கடை வைத்து, தாமே மரம் பிளந்து, குடும்பம் குடும்பமாகத் தேடிச் சென்று கொடுத்தார்கள். பாட்டியாரின் நகைகளும் அதில் போயின. அதை எவரும் பேசுவதில்லை. அக்கடன் தீரும்வரை ஜமாஅத் தலைமையை ஏற்க மறுத்தவர்கள், மக்தபுக்குக் கூரை வேயும் நாளில் மட்டும் முதல் ஆளாய் நின்றார்கள்.

ஏட்டில் ஒரு பெயர் இன்னும் அடிக்கப்படவில்லை. ஊர்ப்பெயர் மழையில் கரைந்துவிட்டது. அவருக்காக ஆண்டுதோறும் ரமளானில் ஸதகா கொடுத்துவந்தார்கள். இப்போது நான் கொடுக்கிறேன்.