ரெக்கார்டு நோட்டும் கணிப்பொறியும்



போன வாரம், பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேரன் ஆய்வக ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தான். வென்சுரிமீட்டர் சோதனை. குழாயின் குறுகிய பகுதியில் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, ஓடும் நீரின் அளவைக் கணக்கிடுவது. எட்டிப் பார்த்தேன். 0.97 என்ற விடையைக் கடைசியில் முதலிலேயே எழுதிவிட்டு, அதற்குத் தோதான அளவுகளை மேலே நிரப்பிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?" என்றேன்.

"எல்லாரும் இப்படித்தான் தாத்தா. 0.97 வரலைன்னா கையெழுத்து கிடைக்காது."

நான் அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன். கூட்டுத்தொகையை முதலில் போட்டுவிட்டு அப்புறம் வவுச்சர் தேடினால் தணிக்கைக்காரர் அதற்கு வைக்கும் பெயரே வேறு!

இது பழைய நோய். மருந்து தேடியவர்களும் உண்டு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தேன். தொடக்கப் பள்ளியில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம். பொருளைக் கையில் கொடுத்துக் கற்பிப்பது. 1882-ல் பிரான்சின் பாடத்திட்டத்தில் சேர்ந்தது. முளைவிட்ட அவரை விதையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஆனால் என்ன பார்த்தோம் என்பதை முசியே கரும்பலகையில் எழுதிவிடுவார். நாங்கள் காப்பி எடுப்போம். விதை எங்கள் கையில், முடிவு அவர் கையில்.

இதை மாற்றத்தான், 1992-ல் இயற்பியல் நோபல் பெற்ற ழோர்ழ் ஷர்ப்பாக், 1996-ல் 'லா மேன் ஆ லா பாத்' இயக்கத்தைத் தொடங்கினார். மாவில் கை வைத்துப் பிசை என்று பொருள். பிள்ளை தானே கேள்வி கேட்க வேண்டும், என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டும், பிறகு செய்து பார்க்க வேண்டும்.

கணிப்பொறி அதற்கு முன்பே இந்த வேலைக்கு வந்துவிட்டது. 1980-களில் அமெரிக்காவில் ராபர்ட் டிங்கர் போன்றோர் உணர்கருவிகளைக் கணிப்பொறியோடு இணைத்தார்கள். மாணவன் நடந்தால் அவன் நடையின் வரைபடம் அப்போதே திரையில் விழும். 1987-ல் ஹெதர் பிரேசல் என்பவர் ஆராய்ந்தபோது, அதே வரைபடத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டினால் கற்றல் குறைவது தெரிந்தது. கேள்வி சூடாக இருக்கும்போதே விடை வர வேண்டும் போலும்.

நம் நாட்டில் டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் 'ஃபீனிக்ஸ்' என்ற திட்டத்தை நடத்தியது. சின்னப் பெட்டி ஒன்றைக் கணிப்பொறியில் செருகி, மாணவனே சோதனையை அமைத்துக்கொள்ளலாம். பிறகு மத்திய அரசின் 'வர்ச்சுவல் லேப்ஸ்' வந்தது. டெல்லி ஐஐடி ஒருங்கிணைக்க, சென்னை ஐஐடி உள்ளிட்ட பல நிறுவனங்கள் சேர்ந்து செய்தன. 2020-ல் கொரோனாவால் கல்லூரிகள் மூடியபோது இத்தகைய திரைச் சோதனைகள்தான் பல மாணவர்களுக்குக் கைகொடுத்தன.

ஆனால் ஒரு சிக்கல். திரைக்குள் ஓடுவது நிஜத் தண்ணீர் அல்ல. நிரல் எழுதியவர் வைத்ததுதான் வரும். முசியே கரும்பலகையிலிருந்து திரைக்குக் குடிபெயர்ந்தால் என்ன லாபம்? மும்பை ஐஐடி ஒரு வழி செய்தது: ஆய்வகத்தில் ஒரு சிறு ஹீட்டரும் விசிறியும் நிஜமாகவே இருக்கும், எங்கோ இருக்கும் மாணவன் இணையம் வழியாக அவற்றை இயக்குவான். வெப்பம் அவன் நினைத்தபடி ஏறாது. ஏன் என்று அவன் யோசித்தாக வேண்டும்.

பேரனிடம் கேட்டேன்: "நிஜமா உனக்கு எவ்வளவு வந்தது?"

"0.89. மானோமீட்டர் குழாயில காத்துக் குமிழி இருந்திருக்கும்னு நினைக்கிறேன்."

"அதைத்தானேடா எழுதணும்!"

எங்கள் மறைமலை நகரிலிருந்து ஒரகடம் வரை கார் சம்பந்தப்பட்ட தொழிற்சாலைகள். நாளைக்கு இவனே ஏதோ ஒன்றில் பிரேக் பாகத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடலாம். அன்றைக்கும் விடையை முதலில் எழுதினால், அதை நம்பி மிதிக்கிறவன் கதி?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பக்கத்தைக் கிழித்துவிட்டு 0.89 என்று எழுதி, கீழே குமிழியைப் பற்றி நாலு வரி சேர்த்தான். திரைச் சோதனையிலும் செய்து பார்த்து, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறான்.

வியாழக்கிழமை கையெழுத்துக்குக் கொண்டுபோகிறான். கிடைத்தால் சொல்கிறேன். கிடைக்காவிட்டாலும் சொல்கிறேன்.